பழைய மோட்டார்ஹோம் ஈசிஎம்: மாற்றும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்? (அனுபவப் பகிர்வு)

மின்கம்பி:
சாவியைத் திருப்பியும் செக் எஞ்சின் விளக்கு எரியவில்லையா? ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பெட்டி நன்றாகவே இருக்கும், கரண்டோ எர்த்தோதான் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்காது. மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) போல மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் சேஸிஸில் முடுக்கிய எர்த் முனை துருப்பிடிக்கும், எலி வயரைக் கடிக்கும்.

முதலில் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை ஈசிஎம் எர்த் பின்னிலும் தொட்டபடி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு எர்த்தில். இதை ஓம்ஸில் அளப்பது வீண். வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட்டையும் பாருங்கள். அது விழுந்திருந்தால் சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்த சென்சார்தான் ஷார்ட்.

பழையஎஞ்சின்:
1990-களின் தொடக்கத்து ஜிஎம் 454 எஞ்சின் என்றால் ஸ்கேனர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, 12 பின் சோதனை கனெக்டரில் ஏ, பி இரண்டையும் வயரால் இணையுங்கள். செக் எஞ்சின் விளக்கு கோட் 12-ஐ (ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல்) மூன்று முறை காட்டினால் ஈசிஎம் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு சேமித்திருக்கும் கோடுகள் வரும்.

சூட்டில் அணைந்து, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டியில் ஈசிஎம்-ஐத் தொடவே வேண்டாம். முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூலைச் சந்தேகியுங்கள். புதியதைப் பொருத்தும்போது அடியில் வெப்பம் கடத்தும் கிரீஸ் கட்டாயம். அதை விட்டால் புதியதும் சீக்கிரமே சுட்டுப் போகும்.

ஈசிஎம்-ஐயே மாற்றினால் பழையதில் உள்ள ப்ராம் சிப்பை (அந்த வண்டிக்கான கணக்குகள் பதிந்த சிப்) புதியதற்கு மாற்ற வேண்டும். திசை மாற்றிச் செருகிக் கரண்ட் கொடுத்தால் சிப் அங்கேயே செத்துவிடும்.

சால்டர்கை:
ஃபோர்டு 460 எஞ்சின் வண்டிகளின் இஇசி-4 பெட்டியில் (ஃபோர்டின் ஈசிஎம்) உண்மையிலேயே கெடுவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். வயதானால் கசிந்து, அந்தத் திரவம் போர்டின் செம்புத் தடத்தை அரிக்கும். மூடியைத் திறந்ததும் அழுகிய மீன் வாடை வந்தால் அதுதான். அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம் வாங்குங்கள். பழையதைக் கழற்றிய பின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கறை போகும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய கறை புதிய கெப்பாசிட்டருக்கு அடியிலும் அரித்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டரில் உள்ள நெகட்டிவ் கோட்டைப் பார்த்துப் பொருத்தி, அறுந்த தடத்துக்கு மெல்லிய வயரால் பாலம் போடுங்கள்.

டீசல்பின்னே:
மின்கம்பி அண்ணா சொன்ன எர்த் சோதனை, எஞ்சின் பின்னால் இருக்கும் டீசல் வண்டிக்கு இன்னும் முக்கியம். டேஷ்போர்டு வரை வயர் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறதே. டேஷ்போர்டு மீட்டர் முள் எல்லாம் ஒன்றாகச் செத்தால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு 9 பின் சோதனை கனெக்டரில் சி, டி (ஈசிஎம் தகவல் அனுப்பும் டேட்டா வயர்கள்) இடையே ஓம்ஸ் பாருங்கள். 60 வந்தால் சரி. 120 என்றால் டேட்டா வயரின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய ரெசிஸ்டர்களில் ஒன்றோ வயரோ விட்டுப்போயிருக்கிறது. 40 அருகே காட்டினால் பின்னால் சேர்த்த ஏதோ ஒரு கருவியில் மூன்றாவது ரெசிஸ்டர் இருக்கிறது. 6 பின் கனெக்டர் மட்டுமே உள்ள பழைய வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மின்கம்பி:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று: சேஸிஸில் வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கனெக்டர்களையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். பல டீசல் வண்டிகளில் ஈசிஎம்-க்குத் தனி ஃப்யூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக வயர் போகிறது.