ஓடும்போது அணையும், ஆறினால் கிளம்பும்: ஸ்பார்க் வராத வண்டிகளோடு நம் அனுபவங்கள்

மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திய பழுது இது. கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முக்கால் மணி நேரம் கழித்துத் திடீரென அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி (ஸ்பார்க்) தரும் பிளக்கை மாற்றினோம், ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் மறுபடி நின்றது. பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலை மாற்றினோம், ஸ்டார்ட் ஆனது. அப்புறம் பெட்ரோல் பம்ப். அதற்கும் ஸ்டார்ட் ஆனது! ஒவ்வொரு முறையும் பழுது தீர்ந்தது என்றே நம்பினேன். கழற்றி மாட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தில் இன்ஜின் ஆறிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. எந்தப் பாகத்தை மாற்றியிருந்தாலும் கிளம்பியிருக்கும். இது உறைத்த பிறகு, நின்ற இடத்திலேயே சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஸ்பார்க் டெஸ்டரையும் மல்டிமீட்டரையும் டிக்கியில் போட்டுக்கொண்டே ஓட்டினேன். அடுத்த முறை நின்றதும் டெஸ்டரை மாட்டிச் சுற்றினேன்: பொறி இல்லை. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. காயிலுக்கு 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. நல்ல நாட்களில் அது கொஞ்சம் எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். (சில கார்களில் எல்லாம் சரியாக இருந்தாலும் முள் அசையாது. உங்கள் வண்டி எப்படி என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.)

இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்றால் அது காயிலுக்கு எப்படி உத்தரவு கொடுக்கும்? இன்ஜின் சுற்றுவதை அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார். அதன் சாக்கெட்டைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தேன், ஓபன்: உள்ளே இணைப்பே இல்லை. ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் 850 ஓம்ஸ் காட்டியது. சாக்கெட்டை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்! உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து பிரிந்திருக்கிறது. என்னுடையது இரண்டு பின் சென்சார். மூன்று பின் உள்ள ஹால் வகைக்கு (உள்ளே சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு இருக்கும்) ஓம்ஸ் சோதனை பொருந்தாது; சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்ட்டில் பார்க்க வேண்டும்.

*

தம்பி, எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. உங்கள் வண்டி எதை மாற்றினாலும் கிளம்பியது; என் வண்டி மாற்றியதால்தான் நின்றது.

பாயிண்ட் (காயிலின் கரண்டைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) வைத்த பழைய கார். சர்வீஸில் பாயிண்ட், அதன் முனை தீயாமல் காக்கும் கண்டென்சர் இரண்டும் புதிதாகப் போட்டேன், இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் வைத்தேன். அன்றோடு பொறி போயிற்று. புதுசு ஆயிற்றே என்று அவற்றைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. காயில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் ரோட்டார், அதன் மூடியான கேப் என்று இரண்டு நாள் வீணானது.

கடைசியில் வழி காட்டியது ஒரு டெஸ்ட் லாம்ப். கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையைக் காயிலின் மைனஸில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். விளக்கு மினுக்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது, கோளாறு அதைத் தாண்டி ஹெச்.டி. (பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட்) பக்கம். அணையாமலே எரிந்தால் பாயிண்ட் மூடும்போது எர்த் கிடைக்கவில்லை, பாயிண்ட் முனையில் கறை ஏறியிருக்கும். எனக்கு எரியவே இல்லை. பிளஸ்ஸில் கரண்ட் இருந்தது. காயிலின் பிரைமரி சுருளும் 3 ஓம்ஸ், சரிதான். அப்படியானால் மைனஸ் எங்கோ ஓயாமல் எர்த் ஆகிக் கிடக்கிறது. கண்டென்சர் வயரைப் பிரித்தேன், விளக்கு மினுக்க ஆரம்பித்தது. புதுக் கண்டென்சர் உள்ளேயே ஷார்ட். பழையதைப் போட்டேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. கழற்றிய பழைய பாகத்தை ஒரு மாதமாவது எறியாமல் வைத்திருங்கள்.

*

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோட்டாரும் கேப்பும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி, ஸ்பார்க் இல்லை. காயிலின் கரண்டை விட்டுத் துண்டிக்கும் இக்னிஷன் மாட்யூல் போயிருக்கும் என்று வாங்கியே விட்டேன். மாட்டுவதற்காகக் கேப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, செல்ஃப் அடித்தாலும் ரோட்டார் சுற்றவே இல்லை. அதைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தது! செல்ஃப் சத்தம் வழக்கத்தைவிட லேசாக, இழுவை இல்லாமல் கேட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டவுடனே நிறுத்தியிருக்க வேண்டும். பெல்ட் அறுந்த பிறகும் சுற்றினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளைந்துவிடும்.

*

டெஸ்டர், டெஸ்ட் லாம்ப் என்று எழுதியதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது. ஹெச்.டி. வயரைக் கையில் பிடித்தபடி "இன்னொரு தடவை அடி" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இன்றைய காயில்கள் 30,000 வோல்ட்டுக்கு மேலேயே கொடுக்கும். என் அண்ணனுக்கு அப்படி ஷாக் அடித்ததில் கை பின்னால் தெறித்து, பானட் கொக்கியில் மணிக்கட்டு கிழிந்தது. வயரைக் காற்றில் தொங்கவிட்டுச் சுற்றுவதும் கூடாது. கரண்ட் போக வழியில்லாமல் காயிலும் மாட்யூலும் உள்ளேயே பழுதாகும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி விளையாட்டு வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் யாராவது அருகில் இருந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

*

ஒரு சந்தேகம். என் பழைய வண்டி, சாவியை முழுக்கத் திருகிப் பிடித்திருக்கும்வரை பிடிக்கிறது. விட்டதும் அணைகிறது. இதுவும் ஸ்பார்க் கோளாறுதானா?

*

ஆமாம். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு நேராக ஒரு வழியில் கரண்ட் போகும், சாவியை விட்டதும் வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது அறுந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். சாவியை ஆன் நிலையில் வைத்து அதன் இரண்டு முனையிலும் வோல்ட் பாருங்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் அதுதான். இரண்டு பக்கமும் இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்சைப் பாருங்கள்.

*

முதலில் எழுதியவன் மறுபடி. புதுச் சென்சார் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, எவ்வளவு வெயிலில் ஓட்டினாலும் ஒருமுறைகூட நிற்கவில்லை. பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த பழைய காயிலை எடுத்து மாட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் அதிலேயேதான் ஓடுகிறது.