அட்டைப்படத்திற்கு ஒரு கற்பனை ப்ளூஸ் ராக் குழுவை உருவாக்குவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் மாணவன்

வணக்கம். நான் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இசை இதழ் ஒன்றின் அட்டையை வடிவமைக்க வேண்டும், அதில் இடம்பெறும் குழு உண்மையில் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்தின் செய்முறைப் பணி. ப்ளூஸ் ராக் மீதுள்ள பிரியத்தால் அந்த வகையையே எடுத்துக்கொண்டு, நண்பர்கள் நால்வருக்குத் தோல் மேலாடையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, எங்கள் ஊர் மாந்தோப்பில் நிறுத்திப் படம் எடுத்தேன். குழுவுக்கு ‘பிளாக் ரிவர்’ என்று பெயர் வைத்தேன். அச்செடுத்துப் பார்த்தால் ஆண்டு விழாவுக்கு மாறுவேடம் போட்டவர்களைப் போல இருக்கிறார்கள். ஒருவனுடைய கைப்பட்டையில் விலைச்சீட்டின் நூல்கூடத் தொங்குகிறது. எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பின்னணியாக ஒரு நடுகல்லை வைத்தால் கம்பீரம் கூடுமா?

பதில்: ஓசூர் கிட்டார்

தம்பி, நீங்கள் உடையிலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உழைப்பிலிருந்து வந்த இசை. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மதுக்கூடங்களின் இரைச்சலில் சாதாரணக் கிட்டார் எடுபடாததால் மின் கிட்டாரைக் கையிலெடுத்தார். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேய இளைஞர்கள் 1962இல் தொடங்கிய குழுவுக்கு, அவர் 1950இல் பதிவுசெய்த ஒரு பாடலின் தலைப்பிலிருந்தே ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் அமைந்தது. ஆகவே உங்கள் நால்வரும் பகலில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவர் கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் இருக்கலாம். இன்னொருவர் பருவத்தில் மட்டும் இயங்கும் மாங்கூழ் ஆலையில் இரவுப் பணி பார்க்கலாம். மூன்றாமவர் ஓசூரில் ஷிப்டு முடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வரலாம். இதெல்லாம் அட்டையில் எழுதப்படாவிட்டாலும், நிற்கும் நிலையிலும் கைகளிலும் தெரியும்.

அவர்களுடைய ஒலி எப்படியிருக்கும் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் கிட்டார் பெரிதும் சார்ந்திருக்கும் ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசி ராகத்தின் ச, க, ம, ப, நி தான். மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமத்தைத் தொட்டுச் செல்லும்போதுதான் அந்த ஏக்கம் பிறக்கிறது. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த இசைக்குள் நுழைவது இயல்பே என்பதால், இங்கே இப்படி ஒரு குழு இருக்க முடியும் என்று நீங்கள் மனதார நம்பலாம். படத்தில் கிட்டார் வாசிப்பவரின் இடக்கைச் சுண்டுவிரலில், கம்பிகள்மேல் வழுக்கி வாசிக்க உதவும் ஸ்லைடு குழாயை மாட்டுங்கள்; கிட்டாரிலிருந்து வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும். வயர் இல்லாத மின் கிட்டாரைப் பார்த்ததும் வாசிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

பதில்: தருமபுரி பக்க வடிவமைப்பாளர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பெயருக்கு என் யோசனை ‘ஒன்பதாம் மதகு’. கிருஷ்ணகிரி அணைக்கு எட்டு மதகுகள். ஒன்பதாவது என்று ஒன்று கிடையாது. இல்லாத குழுவுக்கு இல்லாத மதகின் பெயர் பொருந்தும். 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்து தண்ணீர் பாய்ந்த நாளை உங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிசிசிப்பியில் 1927இல் கரை உடைந்து வந்த வெள்ளத்தைப் பற்றியும் ப்ளூஸ் பாடகர்கள் ஏராளமாகப் பாடியிருக்கிறார்கள். கரையும் வெள்ளமும் இந்த இசைக்குப் பழைய உறவு.

ஏ4 அளவென்றால் 210க்கு 297 மி.மீ.; நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. சேர்த்து 216க்கு 303 என்று கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். கீழ் மூலையில் பட்டைக்குறியீட்டுக்கு இடம் விட்டு, அங்கே யாருடைய கையும் வராமல் பாருங்கள். தமிழ் எழுத்துகளில் மேலே வரும் புள்ளியும் கீழே வரும் சுழியும் அடுத்தடுத்த வரிகளில் மோதிக்கொள்ளும். வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். ‘சிறப்புப் பேட்டி’ என்று எல்லா இதழும் போடுவதைப் போடாதீர்கள். ‘ஆலைச் சங்கு ஊதிய பிறகு பதிவான ஒன்பது பாடல்கள்’ என்பது போல, அந்தக் குழுவுக்கு மட்டுமே பொருந்தும் வரியை எழுதுங்கள்.

நடுகல் வேண்டாம். ஆநிரை காக்கவும் ஊர் காக்கவும் உயிர்விட்டவர்களுக்காக நட்ட கற்கள் அவை; நம் மாவட்டங்களில் இன்றும் பல இடங்களில் வழிபாட்டில் இருக்கின்றன. விறைப்பாக நின்று படமெடுக்கும் இடம் அதுவன்று.

பதில்: பாரூர் வாசகி

ஒரு வேண்டுகோள். வேலை பார்ப்பவர்களைப் போல வேடம் போட வைத்தால், தோல் மேலாடையால் வந்த அதே பொய்தான் திரும்பவும் வரும். உங்கள் நண்பர்களில் யார் உண்மையில் என்ன செய்கிறார்களோ, அதிலிருந்தே குழுவின் கதையை எடுங்கள்.

காவேரிப்பட்டணம் மாணவன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயரை ‘ஒன்பதாம் மதகு’ என்றே வைத்துக்கொள்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவனாக நிற்கும் நண்பன் விடுமுறை நாட்களில் அவன் அப்பாவின் கல் பட்டறையில் வேலை செய்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் சென்ற முறை படம் எடுப்பதற்கு முன் அவனை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தது நான்தான். வரும் ஞாயிறு மாலை பட்டறை மூடும் நேரத்தில், அவன் போட்டிருக்கும் சட்டையிலேயே, நகக்கணுவில் வெள்ளைத் தூசியோடு எடுக்கிறேன்.