4294967297 பகா எண்ணா? இரண்டு சோதனை, இரண்டு பதில்

பகாப்பித்து:
பைத்தானில் பகா எண் பார்க்க இரண்டு வழி எழுதினேன். ஒன்று ஃபெர்மா சோதனை: எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருதா என்று பார்ப்பது. மற்றது, 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போவது. சின்ன எண்கள் பத்துப் பதினைந்துக்கு இரண்டும் ஒத்துப்போனது. 4294967297 கொடுத்தால் முதலாவது "பகா எண்" என்கிறது, இரண்டாவது "641-ஆல் வகுபடும்" என்கிறது. எங்கே பிழை?

கணக்குக்கிறுக்கன்:
நிரலில் பிழையே இல்லை. முடிவை வாசித்த விதத்தில்தான். பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரும், மறுதலை உண்மையில்லை. 341-ஐப் போட்டுப் பாருங்கள். 11 × 31 தான், ஆனாலும் 1 வரும். இவற்றுக்குப் போலிப் பகா எண் என்று பெயர்.

உங்கள் எண் இன்னும் குறும்புக்காரன். அது 2^32 + 1. அதனால் இந்த எண்ணால் வகுத்தால் 2^32-இன் மீதி −1 (அதாவது 1 குறைகிறது), அதை வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. நீங்கள் உயர்த்தும் அடுக்கோ 4294967296, அது 64-இன் மடங்கு. பிறகு 1 வராமல் என்ன வரும்? 2-ஐ அடியாக (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்தால், ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் இதனிடம் ஏமாறும்.

ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் நம்பினார். 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அடுத்ததான இதுவும் அப்படியே என்று. 1732-இல் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்தார். ஒவ்வொன்றாக வகுத்தல்ல, இதன் காரணிகள் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்று கண்டதால், 193, 257, 449, 577-க்கு அடுத்து 641 சிக்கிவிட்டது.

நள்ளிரவுநிரலர்:
எனக்கு சி++-இல் இதே சோதனை 0 தருகிறதே? குறியற்ற 64 பிட் மாறிதான்.

கணக்குக்கிறுக்கன்:
2-ஐ ஐந்து முறை வர்க்கப்படுத்தினால் 4294967296. அதன் வர்க்கம் சரியாக 2^64. 64 பிட்டில் கொள்ளாது, 0 ஆகிவிடும். அதற்கப்புறம் கடைசிவரை 0 தான். பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள்.

பகாப்பித்து:
2-க்குப் பதில் 3 வைத்தேன், மீதி 3029026160. பிடிபட்டது! அப்போ இனி 3 மட்டும் போதுமா? அப்படியே, இந்த 4294967297 வேறென்ன வகை எண்?

கணக்குக்கிறுக்கன்:
போதாது. 91 = 7 × 13; 3 வைத்தால் அதற்கும் 1 வரும். 561 அதைவிட மோசம், அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடி வைத்தாலும் 1 தான். கார்மைக்கேல் எண்களில் சிறியது அது. மில்லர்–ராபினுக்கு மாறி, நாலைந்து அடி வைத்துப் பாருங்கள்.

வகை கேட்டால்: இரண்டே பகாக் காரணி, ஆக அரைப்பகா எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகள் 1, 641, 6700417, கூட்டினால் 6701059. எண்ணைவிட ரொம்பக் கம்மி, எனவே குறை எண்ணும்கூட.

பகாப்பித்து:
561-க்கு 2, 5, 7 மூன்றும் 1 தந்தது. மில்லர்–ராபின் எழுத உட்கார்ந்துவிட்டேன்.