தொழில் நொடிந்து நிற்கும்போது இறைவனை நம்பியிருப்பது எப்படி?

ஆத்தங்குடி மருமகள் எழுதியது:

எங்கள் குடும்பத்துக்கு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூவேலைக் கல் செய்யும் பட்டறை இருக்கிறது. கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த குழம்பை ஒவ்வோர் அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கியபின் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கைவேலை இது. இயந்திரத்தில் செய்த பளபளப்பான டைல்ஸ் எங்கும் கிடைக்கத் தொடங்கியபின் எங்களுக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது; வட்டியோ ஏறிக்கொண்டே போகிறது. குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டோம், பிள்ளையார்பட்டிக்கும் போய்வந்தோம். "அவனை நம்பு, கைவிட மாட்டான்" என்கிறார் என் மாமியார். கண்ணுக்கு எட்டியவரை ஒரு வழியும் தெரியாதபோது நம்புவதற்கு என்னதான் பொருள்? ஆறுதல் சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

கண்டனூர்க் கணக்கர் எழுதியது:

ஆச்சி, நீங்கள் கேட்டபடியே வெளிப்படையாகச் சொல்கிறேன். துன்பக் காலத்தில் கடவுள் நம்பிக்கை செய்கிற பெரிய கேடு, எடுக்க வேண்டிய முடிவைத் தள்ளிப்போட வைப்பதுதான். நம் ஊர்க் கதையே இதற்குச் சாட்சி. பர்மாவில் 1930 வாக்கில் நெல்விலை சரிந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது, பணத்துக்குப் பதிலாக நிலம், கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 25 பங்காயிற்று. காலம் திரும்பும், தெய்வம் துணையிருக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் பர்மிய அரசின் நில தேசியமயச் சட்டமும்தான் வந்து சேர்ந்தன. அவர்களுடைய பக்தியில் குறையே இல்லை. அங்கேயும் முருகனுக்குக் கோயில் கட்டியவர்கள்தாம் அவர்கள். நம்பிக்கை சூழ்நிலையை மாற்றுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, பட்டறையைத் தொடர்வதா மூடுவதா என்று கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

தேவகோட்டை அடியவன் எழுதியது:

கணக்கர் அண்ணன் சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பர்மாவில் நம்மவர் பொருளை இழந்தது நிலத்தை நம்பியதால். முருகனை நம்பியதற்கும் அந்த இழப்புக்கும் தொடர்பில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள் போன இடமெல்லாம் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இலேயே எழுந்துவிட்டது. வரவில் மகமை என்று தெய்வத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைத்த அதே கைகள்தாம் காலணா பிசகாமல் பேரேடும் எழுதின. நம்புகிறவன் கணக்குப் பார்க்க மாட்டான் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் பொருந்தாது.

இனி ஆச்சி கேட்டதற்கு வருகிறேன். திருவொற்றியூரில் இரு கண்ணும் இழந்த சுந்தரரை எண்ணிப் பாருங்கள். வழியில் திருவெண்பாக்கத்தில் அவர் கண்ணைக் கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கேட்டது வேறு, கிடைத்தது வேறு. ஆனாலும் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டே காஞ்சிபுரம் வரை நடந்தார். அங்கே இடக்கண் கிடைத்தது, திருவாரூர் போய்ச் சேர்ந்தபின்தான் வலக்கண். இடைப்பட்ட வழி முழுவதும் அவர் இறைவனோடு சண்டை பிடித்தார், நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று முகத்துக்கு நேரே கேட்டார். சைவம் அதை நிந்தனை என்று தள்ளிவிடாமல் பதிகமாகப் போற்றி இன்றும் பாடுகிறது. ஆகவே, கோபமும் ஐயமும் வந்தால் நம்பிக்கை போய்விட்டதென்று நீங்கள் அஞ்ச வேண்டாம். பேச்சு அற்றுப்போகாமல் இருக்கிறவரை உறவு இருக்கிறது என்றுதான் நான் கொள்கிறேன்.

கண்டனூர்க் கணக்கர் எழுதியது:

சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறினார், அதனால் கண் போயிற்று என்பதுதான் கதை. இந்த ஆச்சி எந்தச் சத்தியத்தை மீறினார்? துன்பத்தில் இருப்பவரிடம் இப்படிப்பட்ட கதைகளைச் சொன்னால், 'நான் என்ன பாவம் செய்தேன்' என்றுதான் அவர் மனம் தேடத் தொடங்கும். சோதனை என்று சொல்வதும் அப்படியே. சந்தை மாறியதற்கு இவர் பக்தியை எதற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

தேவகோட்டை அடியவன் எழுதியது:

கடைசியாக நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். 'சோதனை' என்ற சொல்லைத் துன்பப்படுகிறவர் தாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது கோலைப் பற்றி மட்டுமே.

பள்ளத்தூர் அப்பத்தா பேத்தி எழுதியது:

எங்கள் அப்பத்தா பர்மாவிலிருந்து வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தவர். அந்த ஆண்டும் பிள்ளையார் நோன்பை விடவில்லை என்று சொல்வார். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், புதுவேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, ஆவாரம்பூவோடு கும்பிட்டு, எரிகிற சுடரோடு அந்த மாவை வாயில் போட்டுக்கொள்வோமே, அதற்கு வேண்டிய வெல்லத்தைக்கூடக் கடன் வாங்கினாராம். பிள்ளையார் என்ன கொடுத்தார் என்று ஒருமுறை கேட்டேன். "வரிசையில் எல்லாரும் கை நீட்டி நின்றீர்களே, அதைக் கொடுத்தார்" என்றார். அப்பத்தாவின் சொத்து எதுவும் திரும்பி வரவே இல்லை. அவருடைய நம்பிக்கையை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கணக்கர் அண்ணனுக்கு இது போதிய விடையாகாது என்று தெரியும்.

கண்டனூர்க் கணக்கர் எழுதியது:

போதாதுதான். ஆனால் அந்த அப்பத்தாவோடு வாதாட நான் வரமாட்டேன். கடவுள் கொடுப்பார் என்று அவர் கடன்மேல் கடன் வாங்கித் தொழில் நடத்தவில்லை. கொஞ்சம் வெல்லக் கடனோடு நோன்பு இருந்தார், அவ்வளவுதான். அந்த அளவில் எனக்கு மறுப்பில்லை.

ஆத்தங்குடி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஊன்றுகோல் என்ற ஒரு சொல் என்னை நேற்று முழுவதும் யோசிக்க வைத்தது. கேட்டது ஆர்டர், வந்தது எது என்று பார்த்தால், பழைய வளவு வீடுகளில் உடைந்த தரையைச் செப்பனிட அதே பூவேலையில் சில கற்கள் மட்டும் கேட்டு இரண்டு வீட்டார் வந்திருந்தார்கள். சிறிய வேலை என்று நாங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தோம். வீட்டுக்காரர் இன்று அவர்களைப் பார்க்கப் போயிருக்கிறார். கடன் கொடுத்தவரிடமும் தவணையைப் பற்றிப் பேசப் போகிறோம். மாமியாரோடு சேர்ந்து இந்த ஆண்டும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பேன். ஆனால் எனக்குள் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டனூர்க் கணக்கர் எழுதியது:

கடன்காரரைப் பார்க்கப் போகும் முன் அசலையும் வட்டியையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சி. எழுதியதை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.