‘ஃபாஸ்ட்’ எண்டா வேகமா, இறுக்கமா?

உப்புவெளித் தம்பி:
போன கிழமை திருகோணமலை உள்துறைமுகத்தில மாமாவோட நிக்கேக்க, வெளிநாட்டுக்காரர் ஒருத்தற்ற பாய்மரப் படகு கரைக்கு வந்துது. கயிற்றை என்னட்ட எறிஞ்சுபோட்டு "மேக் இட் ஃபாஸ்ட்!" எண்டு கத்தினார். கெதியா இழுக்கச் சொல்லுறார் எண்டு விறுவிறெண்டு இழுத்தன். கட்டையில ஒரு சுத்துக்கூடப் போடேல்ல. காத்து அடிக்க, படகு பின்னால போச்சு. கயிறு என்ர ரெண்டு உள்ளங்கையையும் உரிச்சுக்கொண்டு ஓடிற்று. மாமாதான் பாய்ஞ்சு பிடிச்சுக் கட்டினார்.

"இறுக்கிக் கட்டு எண்டல்லோ அந்தாள் சொன்னது" எண்டார். ஓடுறதுக்கும் அசையாமல் நிக்கிறதுக்கும் ஒரே சொல்லா? பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் இதைச் சொல்லித் தரேல்ல. ஆராவது விளக்குங்கோ.

கிண்ணியா டீச்சர்:
தம்பி, முதல்ல கையைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க. மாமா சொன்னதுதான் அந்தச் சொல்லின்ட பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில அது உறுதியான, அசையாத எண்டதுதான். பூட்டுறது, கட்டுறது எண்டு வாற ‘ஃபாசன்’ அதோட பிள்ளை. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ எண்டா தட்டினாலும் எழும்பாத தூக்கம். சாரத்தில ‘ஃபாஸ்ட் கலர்’ எண்டு போட்டிருந்தா சாயம் போகாது. நோன்புக்குச் சொல்ற ‘ஃபாஸ்ட்’டும் அதே வேர்தான், விடாம இறுக்கிப் பிடிக்கிறது. நாமளும் நோன்பு ‘பிடிக்கிற’ எண்டுதானே சொல்ற!

உப்புவெளித் தம்பி:
கை பரவாயில்லை டீச்சர். அப்ப வேகம் எங்கயிருந்து வந்தது?

பழைய ஸ்டேசன்காரன்:
தம்பி, உறுதியா எண்டது பலமா, விடாமல் எண்டு விரிஞ்சுது. பலமா, விடாமல் ஓடுறவன் விரைவா ஓடுவான். அந்த வழியாலதான் வேகம் உள்ளுக்கு வந்தது. இதை அந்நியமா நினைக்காதையும். ‘நகர்சேர் கடுகதி’ எண்டு ரயிலுக்குப் பேர் போட்டிருக்கிறதை வாசிச்சிருப்பீர். கடும் பாறை எண்டால் வன்மை, கடுகதி எண்டால் வேகம். அதே மாதிரி, தொல்காப்பியத்தில உரியியல் எண்ட பகுதியில ‘கடி’ எண்ட சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லியிருக்கு, அதில காப்பும் (காவல்) இருக்கு, விரைவும் இருக்கு. முப்பது வருசம் ‘கடுகதி’ எண்ட சொல்லோட வேலை செய்த எனக்கு இது பெரிய சந்தோசம்.

கயிறு, கதவு, நங்கூரம் பக்கத்தில ‘ஃபாஸ்ட்’ வந்தால் முதல்ல இறுக்கத்தை நினையும்.

உப்புவெளித் தம்பி:
நன்றி ஐயா, நன்றி டீச்சர். நாளைக்கு மாமாவோட திரும்பவும் ஜெட்டிக்குப் போறன். ‘காஸ்ட் ஆஃப்’ எண்டால் கயிற்றை அவிழ்க்கிறது எண்டு மாமா இப்பவே சொல்லித் தந்திட்டார்.