மாமியா: முதல் ரோல் முழுக்க வெற்று, அவசர உதவி தேவை

புதுச்சுருள்:
வணக்கம். போன மாதம் பழைய மாமியா பிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். முதல் ரோல் நேற்றுதான் கழுவி வந்தது. ஒரு படம்கூட இல்லை, முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஷட்டர் சத்தம் நன்றாகவே கேட்கிறது. திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. அனுப்பிவிடலாமா?

கோவை ஒளி:
எந்த மாமியா? ஆர்பி67-ஆ, 645-ஆ, சி330-ஆ? என்ன லென்ஸ், என்ன பிலிம்? பிலிமின் ஓரத்தில் கம்பெனி பெயரும் எண்களும் தெரிகின்றனவா? தெரிந்தால் கழுவியது சரி, பிலிமில் வெளிச்சம் விழவில்லை. ஓரமும் வெற்று என்றால் லேபைக் கேளுங்கள்.

120 மட்டும்:
ஆர்பியாக இருந்தால் பிலிமைப் புறம் மாற்றி மாட்டியிருப்பீர்கள். மாட்டும்போது பிலிமோடு சேர்ந்து வரும் காப்புத் தாளின் கறுப்புப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். இல்லையென்றால் லென்ஸ் பிலிமைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். எனக்கு முதல் இரண்டு ரோல் அப்படித்தான் போயிற்று.

இருட்டறை:
மாடல் பெயர்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி, தம்பி? கையேட்டைப் படித்துவிட்டு வாங்க வேண்டிய கேமரா இது. பழைய ஷட்டரில் எண்ணெய் இறுகிப் போயிருக்கும். பிரித்துச் சுத்தம் செய்யாமல் ஒரு ரோல்கூடப் போடக் கூடாது. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன்.

புதுச்சுருள்:
மன்னிக்கவும். ஆர்பி67 ப்ரோ எஸ், 90 எம்எம் 3.8, இல்ஃபோர்ட் எச்பி5. ஓர எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. கறுப்புப் பக்கம் வெளியே இருக்கும்படிதான் மாட்டினேன்.

சதுரம்:
முதல் கேமராவுக்கு யாஷிகா மேட் 124ஜி வாங்கியிருக்கலாம். ஒரு ரோலில் 12 சதுரப் படம், கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கலாம். வளைகாப்பு வீட்டில் இரண்டரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வது?

120 மட்டும்:
124ஜியில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. லென்ஸையும் மாற்ற முடியாது. ஆர்பிக்கு பேட்டரியே வேண்டாம். நிமிர்ந்த படம் வேண்டுமென்றால் பின்னால் பிலிம் இருக்கும் பெட்டியை, அதாவது மேகசினைச் சுழற்றினால் போதும், கேமராவைச் சாய்க்க வேண்டியதில்லை.

சதுரம்:
சதுரத்தில் சுழற்ற வேண்டிய தேவையே இல்லையே.

120 மட்டும்:
8க்கு 10 அங்குல பிரிண்ட் போடும்போது அந்தச் சதுரத்தில் எவ்வளவு வெட்டுகிறீர்கள்? ஆர்பியின் 6க்கு 7 செ.மீ. படம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

கோவை ஒளி:
அதை வேறு இழையில் பேசலாம். புதுச்சுருள், நீங்கள் கேட்டது ஷட்டர் சத்தம் அல்ல, உள்ளே காட்சியை மேலே பிரதிபலிக்கும் கண்ணாடி எழும் சத்தம் என்று நினைக்கிறேன். லென்ஸில் கேபிள் ரிலீஸ் (ஷட்டரை அழுத்தும் கம்பி) மாட்டும் இடத்தில் 'எம்', 'என்' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'எம்'மில் இருந்தால் பாடி பட்டனை அழுத்தும்போது கண்ணாடி மட்டும் எழும். லென்ஸிலும் ஒரு கேபிள் ரிலீஸ் மாட்டி அழுத்தினால்தான் ஷட்டர் திறக்கும். முக்காலியில் அதிர்வில்லாமல் எடுப்பதற்கான வசதி அது. முன்பு வைத்திருந்தவர் அப்படியே விட்டிருக்கலாம்.

பிலிம் போடாமல், மேகசினை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவிவிட்டு, ஒரே பிலிமில் பலமுறை எடுப்பதற்கான மல்டிபிள் எக்ஸ்போஷர் லீவரைத் தள்ளி, வேகத்தை 1 விநாடியில் வையுங்கள். முன்னாலிருந்து லென்ஸைப் பார்த்து அழுத்துங்கள். ஷட்டர் ஒருமுறை மூடி, ஒரு விநாடி திறந்து, மறுபடி மூட வேண்டும். மூடியதோடு நின்றால் 'எம்'தான்.

நான்கு நாள் இருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். இருட்டு அறையில் பெல்லோஸுக்குள் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மடிந்து நீளும் பகுதி) டார்ச் அடித்து, மடிப்பு மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். லென்ஸிலும் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மேகசின் ஓரத்தில் வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபோம் பிசுபிசுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இருட்டறை:
'எம்'மாகவே இருந்தாலும் ஷட்டரைச் சுத்தம் செய்வதுதான் நல்லது.

புதுச்சுருள்:
'எம்'மில்தான் இருந்தது! 'என்'னுக்குத் திருப்பினேன், இப்போது திறந்து மூடுகிறது. ரொம்ப நன்றி அண்ணா. திருப்பி அனுப்பவில்லை.

கோவை ஒளி:
மகிழ்ச்சி. பெல்லோஸ் பார்த்தீர்களா?

கோவை ஒளி:
திங்கட்கிழமை ஆகிவிட்டது. வளைகாப்புப் படம் வந்ததா, தம்பி?