சிக்னலில் நின்றால் ஏசி குளிர்வதில்லை

கார் 2009 மாடல், பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏசியில் ஆர்134ஏ கேஸ் (குளிரூட்டும் வாயு). ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றுதான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் திரும்பக் குளிர் வருகிறது. கோடை தொடங்கியதிலிருந்து இப்படித்தான்.

கேபின் ஃபில்டர் மாற்றியாயிற்று. கண்டென்சரை (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க ரேடியேட்டர் போன்ற பாகம்) தண்ணீர் அடித்துக் கழுவினேன். அதன் ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறது. வேக்குவம் போட்டு, எடை பார்த்து கேஸ் நிரப்பினார்கள். (கேஸ் குறைவு என்று சொல்லாத மெக்கானிக்கே இல்லை போலிருக்கிறது.) சாயம் விட்டுப் பார்த்ததில் கசிவும் இல்லை. ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) கேஜ் வைத்து கேஸ் அழுத்தம் பார்த்தால் லோ சைடு (கம்ப்ரஸருக்குள் போகும் பக்கம்) 60, ஹை சைடு (வெளியே வரும் பக்கம்) 130 பிஎஸ்ஐ. 2000 ஆர்பிஎம்மில் 35, 200. கம்ப்ரஸர் கிளட்ச் நழுவவில்லை.

கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எக்ஸ்பான்ஷன் வால்வை (உள்ளே குளிர்விக்கும் பாகத்துக்குப் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்துவது) சந்தேகிக்க இடமிருக்கிறதா?